பரிந்துரைக் கடிதம் யாரிடம் கேட்பது?

கேள்வி: நான் இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு மாணவன். அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க விண்ணப்பிக்கிறேன், மூன்று பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். என் புராஜெக்ட் கைடு அண்மையில் பணியில் சேர்ந்த உதவிப் பேராசிரியர். துறைத் தலைவருக்கோ என் முகம் மட்டுமே தெரியும். ஆனாலும் அவருடைய கையெழுத்துக்குத்தான் மதிப்பு என்று வீட்டில் சொல்கிறார்கள். அவரிடம் கேட்டால், "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்கிறார். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதல் கடிதத்தை உங்கள் கைடிடமே கேளுங்கள். உங்கள் வீட்டார் சொல்வதில் வியப்பில்லை. நம் மாநிலத்தில் பொறியியல் சேர்க்கை 200-க்கு எடுக்கும் கட்-ஆஃப் மதிப்பெண்ணிலேயே முடிந்துவிடுகிறது. யாருடைய கடிதமும் தேவைப்படுவதில்லை. நமக்குப் பழக்கமான ஒரே கடிதம், டி.சி.யோடு கைக்கு வரும் நன்னடத்தைச் சான்றிதழ்தான். அதில் முத்திரையும் பதவியும் போதும். அந்தப் பழக்கத்திலேயே நம் ஆசிரியர்கள் பலரும் பரிந்துரைக் கடிதத்தையும் எழுதிவிடுகிறார்கள்: "இம்மாணவர் கடின உழைப்பாளி, பணிவானவர், ஒழுக்கமானவர்." பணிவு நம் வகுப்பறையில் பெரிய குணம்தான். ஆனால் விண்ணப்பங்களைப் படிக்கும் பேராசிரியர்கள் தேடுவது வேறு. விடை தெரியாத ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டால் இந்த மாணவர் என்ன செய்வார் என்பதை, அதை நேரில் பார்த்த ஒருவர் சொல்லக் கேட்க விரும்புகிறார்கள்.

வெப்பப் பரிமாற்றியை வைத்து நீங்கள் புராஜெக்ட் செய்வதாக வைத்துக்கொள்வோம். கணக்கிட்ட வெப்பநிலையும் அளந்த வெப்பநிலையும் ஒத்துவரவில்லை. மற்றவர்கள் அளவீட்டைத் திருத்தி எழுதிவிடலாம் என்றபோது, நீங்கள் வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிளைச் சந்தேகித்து, அதை உருகும் பனிக்கட்டியிலும் கொதிநீரிலும் வைத்துச் சோதித்துப் பிழையைக் கண்டுபிடித்தீர்கள். இதைக் கைடு நான்கு வரிகளில் எழுதினால், "புத்திசாலி", "நேர்மையானவர்" என்ற சொற்களுக்கு வேலையே இல்லை. துறைத் தலைவரால் இந்த நான்கு வரிகளை எழுத முடியாது. மேலும், பல பல்கலைக்கழகங்களின் இணையப் படிவத்தில், தாம் கற்பித்த மாணவர்களில் இவர் முதல் 5 விழுக்காட்டில் வருவாரா, 10 விழுக்காட்டில் வருவாரா என்றெல்லாம் பரிந்துரைப்பவர் குறிக்க வேண்டியிருக்கும். உங்களை அறியாதவர் அந்தக் கட்டங்களை எதை வைத்து நிரப்புவார்?

இரண்டாவது கடிதத்தை, நீங்கள் விண்ணப்பிக்கும் துறைக்கு நெருக்கமான பாடத்தை நடத்தியவரிடம் கேளுங்கள். மூன்றாவதை இன்டர்ன்ஷிப்பில் உங்கள் வேலையை மேற்பார்த்த பொறியாளரிடம் கேட்கலாம். துறைத் தலைவரே உங்களுக்கு ஒரு பாடம் நடத்தி, அதில் நீங்கள் சிறந்திருந்தால் அவரையும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். உறவினரான தொழிலதிபரையும் ஊர்ச் சட்டமன்ற உறுப்பினரையும் விட்டுவிடுங்கள்.

"நீயே எழுதிக்கொண்டு வா" என்பது நம் கல்லூரிகளில் அன்றாடம் கேட்கும் பேச்சு. பெரும்பாலும் வேலைப்பளுவில் சொல்வதுதான். ஆனாலும் அதற்கு இணங்காதீர்கள். அது நேர்மையற்றது என்பதோடு, எளிதில் பிடிபடவும் கூடியது: மூன்று கடிதங்களும் ஒரே கையால் எழுதப்பட்டிருந்தால், ஒரே நடையும் ஒரே புகழுரையும் நூற்றுக்கணக்கில் கடிதம் படிப்பவர் கண்ணுக்குத் தப்பாது, தெரிந்துவிட்டால் விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம். கடிதத்துக்குப் பதிலாகக் குறிப்பு ஒன்றை எழுதிக்கொண்டு போங்கள். எந்தப் பருவத்தில் அவரிடம் என்ன படித்தீர்கள், எந்தச் சோதனையில் என்ன தடை வந்தது, அதற்கு என்ன செய்தீர்கள், எந்தெந்தப் பல்கலைக்கழகங்கள், ஒவ்வொன்றுக்கும் கடைசி நாள் எது என்பவை ஒரு பக்கத்தில் இருக்கட்டும். மதிப்பெண் பட்டியலையும், ஏன் இந்தப் படிப்பு என்று நீங்கள் எழுதும் எஸ்.ஓ.பி. எனும் நோக்க அறிக்கையின் வரைவையும் உடன் வையுங்கள். "சார், கடிதம் உங்கள் வார்த்தைகளில் இருந்தால்தான் எனக்குப் பயன்படும், விவரங்களை நான் தந்துவிடுகிறேன்" என்று சொன்னால் எந்த ஆசிரியரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். அதன் பிறகும் தயங்கினால், வேறொருவரைத் தேடுவதே நல்லது. மனமில்லாமல் எழுதிய கடிதம் வரிக்கு வரி அதைக் காட்டிக்கொடுக்கும்.

பல துறைகளின் கடைசி நாள் டிசம்பரில் வருகிறது. நவம்பர், டிசம்பரில் நம் ஆசிரியர்கள் பருவத் தேர்விலும் விடைத்தாள் திருத்துவதிலும் மூழ்கியிருப்பார்கள். ஆகவே செப்டம்பரிலேயே கேட்டுவிடுங்கள். கடிதத்தை ஆசிரியர் நேரடியாகப் பல்கலைக்கழகத்தின் போர்ட்டலில்தான் ஏற்றுவார். அதற்கான இணைப்பு பல நேரம் ஸ்பாம் பெட்டியில் போய் விழும் என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவருடைய கல்லூரி மெயில் முகவரியையே கொடுங்கள். தனிப்பட்ட ஜிமெயில் முகவரியை ஏற்காத இடங்களும் உண்டு.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகள் அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க விரும்புகிறாள். பள்ளி ஆலோசகரும் கடிதம் தர வேண்டும் என்கிறார்கள். அவள் பள்ளியில் அப்படி ஒருவர் இல்லையே? அவளை நன்கு அறிந்தவர் தமிழாசிரியைதான், அவரிடம் கேட்கலாமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: ஆலோசகர் இல்லாத பள்ளியில் முதல்வரோ பொறுப்பிலுள்ள வேறொருவரோ அந்தப் பகுதியை நிரப்பலாம். தமிழாசிரியையிடம் கேட்பது நல்ல யோசனை. எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) கேட்கும் இரண்டு ஆசிரியர் கடிதங்களில் ஒன்று கணிதம் அல்லது அறிவியல் ஆசிரியருடையது. மற்றொன்று மொழி, சமூகவியல் போன்ற பாடங்களை நடத்துபவருடையது. கடிதம் ஆங்கிலத்தில் போக வேண்டும். அவர் தமிழில் எழுதினால், மொழிபெயர்ப்பைப் பள்ளியின் பொறுப்பில் செய்யச் சொல்லுங்கள், நீங்களோ மகளோ செய்ய வேண்டாம். கலிபோர்னியா பல்கலைக்கழகம் பொதுவாக இளநிலை விண்ணப்பத்தோடு கடிதமே கேட்பதில்லை என்பதால், விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகங்களின் பட்டியலை முதலில் சரிபார்த்துவிட்டு ஆசிரியர்களை அணுகுங்கள்.

கேள்வி: கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று படிவம் கேட்கிறது. என்ன பதில் தருவது?
- ஒரு மாணவி, திருநெல்வேலி

பதில்: "ஆம்" என்று குறியுங்கள். பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்ட மாணவர் தம் கல்விப் பதிவுகளைப் பார்க்க 1974-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று உரிமை தருகிறது, கேள்வி அதையொட்டியது. மாணவர் பார்க்க மாட்டார் என்று தெரிந்தால் ஆசிரியர் மனம்விட்டு எழுதுவார், படிப்பவரும் அதை நம்புவார். விட்டுக்கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது என்றால், அந்த ஆசிரியரிடம் கேட்பது சரிதானா என்று மறுபடி யோசியுங்கள்.