சொந்தப் பட்டறையில் ரைபிள் செய்யலாமா?

கேள்வி: நான் வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டையைச் சேர்ந்த முன்னாள் ராணுவ வீரர். இலக்கு பார்த்துச் சுடும் ஆசை இன்னும் விடவில்லை. மகனுக்கு ராணிப்பேட்டை சிப்காட்டில் லேத் பட்டறை இருக்கிறது. அங்கே பேரல் (குழல்) கடைந்து, போல்ட்டும் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) ட்ரிகரும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, போட்டிக்கு ஏற்ற .22 ரைபிள் ஒன்று செய்ய நினைக்கிறேன். இதுவரை இரும்புக் கம்பி மட்டும்தான் வாங்கியிருக்கிறேன். செய்து முடித்துவிட்டு லைசென்ஸ் கேட்கலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. கம்பியை லேத்தில் ஏற்றாதீர்கள்.

துப்பாக்கி வைத்திருக்க வாங்கும் லைசென்ஸ் வேறு, செய்வதற்கான உரிமம் வேறு. ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 5-ன்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி தயாரிப்பது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள் வரையும் போகலாம். தயாரிப்பு உரிமம் என்பது தொழிற்சாலைகளுக்கானது. ஆசைக்கு ஒன்று செய்துகொள்ளும் தனியாளுக்கு அது வழி இல்லை.

‘முழுத் துப்பாக்கி ஆகவில்லையே, பாகம்தானே’ என்று சிலர் என்னிடமே வாதாடியிருக்கிறார்கள். சட்டத்தின் விளக்கத்திலேயே துப்பாக்கியின் பாகங்களும், அதைச் செய்யும் இயந்திரங்களும் அடங்கும். உள்ளே வரி வெட்டிய பேரல் ஒன்று பட்டறையில் கிடைத்தால் போதும், பட்டறை மகன் பெயரில் என்பதால் அவரும் வழக்கில் சேர்வார். எனக்குப் பெரிய கவலை அதுதான். போல்ட்டை வரவழைப்பதும் அப்படியே: பிரிவு 10-ன்படி இறக்குமதி உரிமம் வேண்டும், இல்லாவிட்டால் சுங்கச் சட்டமும் சேர்ந்து வரும். நோக்கம் விளையாட்டு என்பது தண்டனையைக் குறைக்கச் சொல்லலாம், குற்றத்தை இல்லாமல் ஆக்காது. ஜவ்வாது மலைப் பக்கம் பன்றி விரட்ட நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் மீதும் வழக்கு வருகிறது, பார்த்திருப்பீர்கள்.

சரி, உங்கள் ஆசைக்கு நேர்வழி உண்டு. முதலில் அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப் ஒன்றில் உறுப்பினராகுங்கள். பிறகு சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்தில் லைசென்ஸுக்கு மனு கொடுங்கள். வேலூரில் மாவட்ட ஆட்சியர்தான் உரிம அதிகாரி. போலீஸ் விசாரணை நடக்கும். லைசென்ஸ் கிடைத்ததும் உரிமம் பெற்ற டீலரிடம் ரைபிளை வாங்கலாம். 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் போட்டியும் .22 ரைபிளில்தான். கடையில் கிடைக்கும் போட்டி ரைபிளே உங்கள் கைக்குப் போதும்.

வாங்கிய பிறகு துல்லியத்தைக் கூட்டுவதிலும் எல்லை உண்டு. சுத்தம் செய்வது, ஏற்கெனவே உள்ள ரெயிலில் ஸ்கோப் பொருத்துவது, தோள்பட்டைக்குத் தகுந்தபடி ஸ்டாக்கை (தோளில் அணைக்கும் கட்டையை) சரிசெய்வது, இதெல்லாம் நீங்களே செய்யலாம் என்பது என் கருத்து. பேரல், சேம்பர் (தோட்டா உட்காரும் அறை), போல்ட், ட்ரிகரின் உட்பகுதி எதையும் தொடாதீர்கள். பழுதுபார்ப்பதும் மாற்றுவதும் பிரிவு 5-ல் இருக்கின்றன, பேரலைக் குட்டையாக்க பிரிவு 6 தனியாக இருக்கிறது. அந்த வேலைகளை உரிமம் பெற்ற கடையில் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். தோட்டாவை வீட்டில் நிரப்பவும் கூடாது. .22-ல் அதற்குத் தேவையும் இல்லை, வெவ்வேறு லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்து, எது நெருக்கமாக விழுகிறதோ அதையே வாங்குவதுதான் போட்டியாளர்களின் வழக்கம்.

லைசென்ஸ் வரும்வரை கை சும்மா இருக்க வேண்டாம். குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கு மேற்படாத, குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்ட ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. மனு நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிரிவு 18-ன் கீழ் மேல்முறையீடு செய்ய அது வேண்டும்.