‘எல்லா மாடலுக்கும் பொருந்தும்’ ஸ்டாக்கா? முன்பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: என்னிடம் பழைய .177 பிரேக் பேரல் (பேரலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும்) ஏர் ரைஃபிள் இருக்கிறது. அதன் ஸ்டாக்கில், அதாவது தோளில் வைத்துப் பிடிக்கும் மரக்கட்டையில், கைப்பிடிக்குப் பக்கத்தில் விரிசல் விட்டிருக்கிறது. ஸ்கோப் மாட்டிய பிறகு கன்னமும் கட்டையில் படிவதில்லை. எல்லா மாடலுக்கும் பொருந்தும் என்று ஒருவர் 8,500 ரூபாய்க்குப் புது ஸ்டாக் தருகிறார், பாதியை முன்பணமாகக் கேட்கிறார். வாங்கலாமா? 14 வயது மகளும் இதில்தான் பழகுகிறாள், அவளுக்கு இடது கைப்பழக்கம்.
- வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஸ்டாக் என்று ஒன்று கிடையவே கிடையாது. முன்பக்க ஸ்க்ரூ துளைக்கும் ட்ரிகர் கார்டு (ட்ரிகரைச் சுற்றிய வளையம்) ஸ்க்ரூ துளைக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர், ஸ்பிரிங் இருக்கும் குழாயின் விட்டம் என்ன, அடிப்பக்கத்தில் பேரலை மடக்கும்போது லீவர் ஓடும் பள்ளம் எவ்வளவு நீளம் என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். இந்த மூன்றையும் சொல்லத் தெரியாதவர் வியாபாரி இல்லை, இடைத்தரகர்.

கைப்பிடி விரிசலைப் பசை போட்டு ஒட்டி ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். ஸ்பிரிங் ரைஃபிள் முன்னும் பின்னும் உதறும், ஒட்டு நிற்காது. ஸ்டாக்கை மாற்றத்தான் வேண்டும். முதலில் உங்கள் மாடலைத் தயாரித்தவரிடமே கேளுங்கள். அங்கே இல்லையென்றால் நன்றாக உலர்ந்த தேக்கில் செய்யச் சொல்லலாம். ஈர மரம் மழைக்காலத்தில் ஊதி, அடுத்த கோடையில் சுருங்கும். குறி தவறுவதற்கு நீங்கள் ஸ்கோப்பைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

மகளுக்காக ஒன்று. வலது கைக்காரருக்கான ஸ்டாக்கில் கன்ன மேடு இடப்பக்கம் இருக்கும். அவளுக்கு அது எதிர்ப்பக்கம், பயனில்லை. ஆகவே இரு கைக்கும் சமமான ஸ்டாக் வாங்குங்கள். நீளத்தை உங்களுக்காக வைக்காமல் அவளுக்காக வையுங்கள். முழங்கையை மடக்கி, கட்டையின் பின்முனையை முழங்கை மடிப்பில் வைத்தால் விரல் நுனி ட்ரிகரை எட்ட வேண்டும். அந்த அளவுக்கு வெட்டிவிட்டு, உங்கள் முறை வரும்போது பின்முனை ரப்பருக்கு அடியில் 10 மி.மீ. தகடுகளைச் சேர்த்துக்கொள்ளலாம். அவள் வளர வளர அதே தகடுகள் அவளுக்கும் உதவும். கன்ன உயரத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்த பிறகு கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். ஸ்கோப்பில் முழு வட்டம் தெரிய வேண்டும், ஓரத்தில் கருநிழல் கூடாது. நிழல் தெரிந்தால் மேலே ஒரு கன்னப்பட்டை கட்டினால் போதும்.

பொருத்தும்போது ரைஃபிளில் பெல்லட் (ஈயக் குண்டு) இருக்கக்கூடாது, ஸ்பிரிங் தளர்ந்திருக்க வேண்டும். ஸ்டாக்கைக் கழற்றிய நிலையில் பேரலை மடக்கவே மடக்காதீர்கள். சில மாடல்களில் ட்ரிகர் ஊசிகளைப் பிடித்திருப்பதே ஸ்டாக்தான். ஊசி நழுவினால் பேரல் திரும்பி அடித்து விரல் நசுங்கும்.

குழாயின் அடிப்பக்கத்தில் கொஞ்சம் கண்மை தடவி ஸ்டாக்கில் உட்கார வைத்து எடுத்துப் பாருங்கள். கறுப்பு ஒட்டிய இடமெல்லாம் மரம் தொடும் இடம். ஒரே புள்ளியில் மட்டும் ஒட்டியிருந்தால் அங்கே லேசாக உப்புத்தாள் போடுங்கள்.

இன்னொன்று. ஸ்டாக் மாட்ட ரைஃபிளைக் கொடுத்தால், “பவரையும் ஏத்தித் தரேன் சார்” என்பார்கள். 2016 ஆயுத விதிகளின்படி பேரலின் உள்விட்டம் 4.5 மி.மீ. (அதாவது .177), ஆற்றல் 20 ஜூல் வரைதான் லைசென்ஸ் தேவையில்லை. அதைத் தாண்டினால் சிக்கலில் மாட்டுவது நீங்கள். விதி இவ்வளவு தெளிவாக இருந்தும், வெறும் மர ஸ்டாக்கை அனுப்பப் போன என்னை ஒரு கூரியர் அலுவலகம் இரண்டு முறை திருப்பி அனுப்பியது. விதியைப் படித்துப் பார்க்கக்கூட அங்கே ஆளில்லை! ரைஃபிளின் பில்லை எப்போதும் பையில் வைத்திருங்கள்.

ஸ்க்ரூ தளராமல் இருக்கப் போடும் பசையான த்ரெட்லாக்கரில் நீல நிறம் ஒரு சொட்டுப் போதும், சிவப்பு வேண்டாம், பிறகு எளிதில் கழற்ற முடியாது. முதல் 50 பெல்லட் சுட்ட பிறகு எல்லா ஸ்க்ரூவையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ரேஞ்சில் மகள் ஷூட்டிங் ஜாக்கெட் போடுவாள் என்றால், கட்டையை வெட்டுவதற்கு முன் அந்த ஜாக்கெட்டோடேயே அளவெடுங்கள்.