சக்கரப் பலகையில் ஒரு குழி

அன்புள்ள ஐயா,

1809இல் திருவிதாங்கூரின் தலைமை அமைச்சர் வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயரை வென்றிருந்தால் என்ற கற்பனையில் எழுதப்பட்ட மிகுபுனைவு நாவலை வாசிக்கிறேன். மனிதரின் நிழலுக்கும் வரி வாங்கும் திருவிதாங்கூர். 150 பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. எது வரலாறு, எது கற்பனை என்று பக்கத்துக்குப் பக்கம் போனில் தேடுகிறேன். பாதி உரையாடல் மலையாளம். தளவாயை இவ்வளவு கொடூரமாகக் காட்டலாமா? பேசாமல் விட்டுவிடவா?

வாசகர், மார்த்தாண்டம்

அன்புள்ள தம்பிக்கு,

மலையாளம் புரியவில்லை என்று மார்த்தாண்டத்துக்காரர் சொன்னால் எப்படி நம்புவது? வாய்விட்டு வாசியுங்கள், தானாக விளங்கும். தளவாயின் கொடூரத்தைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

போனை முதலில் அடுத்த அறையில் வையுங்கள். பக்கத்துக்குப் பக்கம் தேடுகிறவர் நாவல் வாசிக்கவில்லை, விடைத்தாள் திருத்துகிறார். ஓர் அட்டையும் பென்சிலும் போதும்.

அட்டையில் வம்சாவளி போடும்போது அப்பாவுக்குக் கீழே மகனை எழுதாதீர்கள். அது மருமக்கத்தாயம், அரசருக்குப் பின் சகோதரியின் மகன். பெண்களிலிருந்து கோடு இழுங்கள். திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவை எதிர்த்த தம்பிமார் முந்தைய அரசரின் சொந்தப் பிள்ளைகள் என்பது நினைவிருந்தால் இந்த நாவலின் பாதிப் பகை புரிந்துவிடும். நாவலில் வரும் ஆண்டுகள் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு. ஆங்கில ஆண்டு வேண்டுமென்றால் அதனோடு ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் ஆடி வரை 825 கூட்டுங்கள். ஆங்கிலேயரை எதிர்க்க மக்களை அழைத்து வேலுத்தம்பி வெளியிட்ட குண்டறை விளம்பரம் 984 மகரம் 1, அதாவது 1809 ஜனவரி.

இனிப் பணம். இதை எழுத வேண்டுமென்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். வெள்ளிச் சக்கரம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது, கையால் எண்ணி மாளாது. அதற்காகவே சக்கரப் பலகை இருந்தது. வரிசை வரிசையாகக் குழிகள், ஒரு குழியில் ஒரு சக்கரம்தான் உட்காரும். ஒரு பிடி கொட்டிக் குலுக்கி, மிஞ்சியதைச் சரித்துவிட்டால் எண்ணிக்கை முடிந்தது.

உங்கள் நாவலின் நான்காம் அத்தியாயத்தில் ஊர்த்தலைவர் 25 பேரின் நிழல்வரியை ஆரல்வாய்மொழிச் சாவடியில் கட்டுகிறார். தலைக்கு ஒரு பணம். பலகையில் ஒரு குழி காலியாக நிற்கிறது. அவர் பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு சக்கரம் கடன் வாங்கி வைத்துவிட்டுப் போகிறார். 25 பணம் என்றால் சரியாக 100 சக்கரம். அப்படியானால் குழி ஏன் நிறையவில்லை? "பத்துப் பத்தாக ஒன்பது வரிசை, கடைசி வரிசையில் பதினொன்று" என்று இரண்டு பக்கத்துக்கு முன்பே ஆசிரியர் சொல்லியிருக்கிறார். நீங்கள் அந்த இடத்தில் போனில் ஆரல்வாய்மொழிக் கோட்டையின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள்! பலகை வரலாறு, பதினோராவது குழி கற்பனை. குழியைக் குறை சொல்ல அந்தச் சாவடியில் ஒருவருக்கும் வாய் வரவில்லை, பலகை அரசருடையது. நாவலின் கொடுமை முழுவதும் அந்தக் குழிக்குள் இருக்கிறது.

நிழலுக்கு வரி என்பது உங்களுக்கு விசித்திரமாகப் படுகிறது. பனையேறியின் ஏணிக்கு ஏணிக்காணம், கால் தளைக்குத் தளைக்காணம் என்று வாங்கிய நாடு அது. உங்கள் ஊர்ப் பனைகளின் கீழேயே வாங்கினார்கள். ஆசிரியர் ஓர் அடிதான் தள்ளி வைத்திருக்கிறார்.

நான்காம் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போங்கள். நாளுக்கு ஓர் அத்தியாயம், அதற்கு மேல் வேண்டாம். இரண்டாம் பாகம் நெல்லளவில் நடக்கிறது: 4 நாழி ஒரு இடங்கழி, 10 இடங்கழி ஒரு பறை. அட்டையில் இப்போதே எழுதிவிடுங்கள்.