சவூதியில் பிடி யாருடையது? – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

1990களில் தம்மாமில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். தொழுகைக்குப் பாங்கு சொன்னால் கடைகளின் ஷட்டர் இறங்கிவிடும். தாமதித்தால் முத்தவ்வா என்ற மார்க்கப் போலீஸ்காரர் வந்து நிற்பார். இப்போது ரியாத்தில் இருக்கும் என் அக்கா மகன், தொழுகை நேரத்திலும் கடை திறந்திருக்கிறது, பெண்கள் கார் ஓட்டுகிறார்கள், தியேட்டரில் படம் பார்க்கிறோம் என்கிறான். உலமாக்களின், அதாவது மார்க்க அறிஞர்களின், பிடியில் இருந்த நாடு இவ்வளவு சீக்கிரம் எப்படி மாறியது?

கே.எஸ்., திருச்சி

அன்புள்ள கே.எஸ்.,

உலமாக்களின் பிடி என்று சொல்கிறீர்களே, அங்கேதான் எனக்கு மாற்றுக் கருத்து. ஷட்டரை இறக்கச் சொன்ன முத்தவ்வா அரசாங்கச் சம்பளக்காரர். 2016 ஏப்ரலில் அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. விரட்டிப் பிடிக்கும் அதிகாரமும் கைது செய்யும் அதிகாரமும் அவரை விட்டுப் போயின. உலமாக்களிடம் சொந்தமாக அதிகாரம் இருந்திருந்தால் இது இத்தனை சுலபமாக நடந்திருக்காது.

சவூதி வரலாற்றை வழக்கமாக 1744இல் தொடங்குவார்கள். திரிய்யா என்ற சிற்றூரின் தலைவர் முகம்மது இப்னு சவூதும், பக்கத்து ஊரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த மார்க்க அறிஞர் முகம்மது இப்னு அப்துல் வஹாபும் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. ஆட்சி ஒருவருக்கு, மார்க்கம் மற்றவருக்கு. காகிதத்தில் இருவரும் சமம். சங்கடமான கட்டம் வரும்போது எந்தப் பக்கம் விட்டுக்கொடுத்தது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

அப்படி ஒரு கட்டம் இக்வான்கள் என்ற மார்க்கப் படையோடு வந்தது. 1902இல் ரியாத்தைப் பிடித்த சவூத் வம்சத்து அப்துல் அஜீஸ் (பின்னாளில் மன்னர்), பத்து வருடம் கழித்து நாடோடி பதுக்களைக் குடியமர்த்தி, மார்க்கம் போதித்து, இந்தப் படையை உருவாக்கினார். 1924இல் தாயிஃபும் மக்காவும் அவருக்கு வந்ததில் இந்தப் படைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. பிரிட்டிஷ் ஆதிக்கத்தில் இருந்த ஈராக் பக்கமும் பாய வேண்டும் என்றார்கள். மன்னர் மேல் அவர்கள் வைத்த குற்றப்பட்டியலைப் படிக்க வேண்டும்: கார், டெலிபோன், தந்தி, போதாக்குறைக்கு ஒரு மகனை எகிப்துக்கும் இன்னொருவரை லண்டனுக்கும் அனுப்பியது! 1927இல் விவகாரம் உலமாக்களிடம் போனது. தந்தி கூடுமா கூடாதா என்பதில் அவர்கள் பட்டும் படாமல் பேசினார்கள். ஜிகாதை அறிவிக்கும் உரிமை மன்னருக்கு மட்டுமே என்பதில் தயங்கவில்லை. 1929 மார்ச்சில் சபிலா என்ற இடத்தில் மன்னரின் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு முன்னால் அந்தப் படையின் கதை ஏறக்குறைய முடிந்தது.

அந்த இக்வான்களில் ஒருவரின் மகன் ஜுஹைமான் அல் உதைபி. 1979 நவம்பர் 20, ஹிஜ்ரி 1400இன் முதல் நாள், ஆயுதக் கூட்டத்தோடு மக்காவின் பெரிய பள்ளிவாசலான ஹரமைப் பிடித்தார். ஹரமுக்குள் சுடுவதற்கு மார்க்க அனுமதி தேவைப்பட்டது. உலமாக்களிடமிருந்து ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கிடைத்தது. இரண்டு வாரச் சண்டை. அடுத்த ஜனவரியில் 63 பேரின் தலைகள் வெட்டப்பட்டன. அதற்குப் பிறகுதான் வேடிக்கை. ஜுஹைமானைக் கொன்ற அரசு, அவர் கேட்டதில் பாதியைத் தானே செய்யத் தொடங்கியது. பெண்கள் விஷயத்தில் கெடுபிடி ஏறியது, முத்தவ்வாக்களுக்குப் பணமும் பலமும் கூடின. நீங்கள் தம்மாமில் பார்த்தது பெருமளவு இந்தச் சவூதியைத்தான். 1990இல் குவைத் போரை ஒட்டி அமெரிக்கப் படை வந்து இறங்கியபோதும் ஷேக் இப்னு பாஸ் தலைமையிலான உலமாக்கள் ஆதரவு தந்தார்கள். படையை அழைக்கும் முடிவை எடுத்தது அரண்மனை.

   

2022இல் நடந்த ஒன்றை நம் பத்திரிகைகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிப்ரவரி 22 இனி 'ஸ்தாபக தினம்' என்று மன்னர் ஆணையிட்டார். எந்த வருடத்து ஸ்தாபகம்? 1727. முகம்மது இப்னு சவூத் திரிய்யாவின் தலைவரான வருடம். அதாவது இப்னு அப்துல் வஹாப் வந்து சேர்வதற்குப் பதினேழு வருடம் முன்பே நாடு பிறந்துவிட்டதாகக் கணக்கு. பங்காளியின் பெயரைப் பத்திரத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

ஆகவே உங்கள் அக்கா மகன் பார்க்கும் மாற்றம் உண்மை. தொழுகை நேரத்தில் கடையைத் திறந்து வைக்கலாம் என்ற சுற்றறிக்கை 2021இல் வந்தது. தியேட்டர் அதற்கு முன்பே, 2018 ஏப்ரலில். ஆனால் இதைப் பிடி தளர்ந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2017 செப்டம்பரில் பெண்கள் கார் ஓட்ட அனுமதிக்கும் ஆணை வந்தபோது, மூத்த உலமாக்களில் பெரும்பாலோருக்கு ஆட்சேபம் இல்லை என்று அந்த ஆணையிலேயே எழுதியிருந்தது. இத்தனை வருடமாக இருந்த ஆட்சேபம் எங்கே போயிற்று என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அதே மாதம் சல்மான் அல் அவ்தா போன்ற பிரபல பிரசங்கிகள் கைதானார்கள். தடை நீங்கியது 2018 ஜூன் 24. அதற்கு ஒரு மாதம் முன்பு, மே மாதத்தில், கார் ஓட்டும் உரிமைக்காகப் பல வருடம் போராடிய பெண்களைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். அவர்களில் ஒருவரான லுஜைன் அல் ஹத்லூல் வெளியே வந்தது 2021 பிப்ரவரியில்.