பாட்டியின் பழைய வீணையை வாங்கலாமா?

அன்புள்ள மேடம்,

என் மகள் இரண்டு வருடமாக வீணை கற்கிறாள். எங்கள் தெருவில் ஒரு பாட்டி, தான் வாசித்த தஞ்சாவூர் வீணையைக் கொடுத்துவிட நினைக்கிறார். ஏகாண்ட வீணையாம். ஆனால் மேளம், அதாவது மெட்டுகளைப் பதித்திருக்கும் மெழுகு, இளகி, தந்தியெல்லாம் துருப்பிடித்துக் கிடக்கிறது. வீட்டில் புதிதாகவே வாங்கச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி, மந்தைவெளி

அன்புள்ள சகோதரிக்கு,

மேளத்தையும் தந்தியையும் பார்த்து அந்த வீணையை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். தந்தியை அழுத்தி வாசிக்கிற 24 மெட்டுக் கம்பிகளும் உட்கார்ந்திருப்பது மெழுகின் மேல்தான், சென்னை வெயிலுக்கு அது இளகத்தான் செய்யும், தினமும் வாசிக்கிற வீணைக்கே அவ்வப்போது புதிதாக மேளம் கட்ட வேண்டியிருக்கிறது. ஏழு தந்தியையும் ஒரே நாளில் மாற்றிவிடலாம். மரத்தை மாற்ற முடியாது.

அதனால் பகல் வெளிச்சத்தில் போய், குடத்தின் அடிப்பக்கம் முழுக்க விரலை ஓட்டிப் பாருங்கள், நகம் எங்காவது மாட்டுகிறதா என்று. என் முதல் வீணைக்கு நான் இதைச் செய்யவில்லை. பளபளவென்ற பாலிஷில் மயங்கி வாங்கிவிட்டேன், இரண்டாம் மாதம் மந்தரத் தந்தியை மீட்டினால் உள்ளே ஏதோ கிர்ரென்று அதிர்கிறது, பார்த்தால் பாலிஷுக்கு அடியில் நீளமாக ஒரு விரிசலை அடைத்து வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு உட்கார்ந்து அழுதேன்.

அப்புறம் தண்டி, மெட்டுகள் இருக்கிற நீளமான பகுதி. யாளி முகத்துப் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேராகப் பாருங்கள். வளைந்திருந்தால் தந்தி மெட்டைவிட்டு உயர்ந்து நிற்கும், அழுத்தி அழுத்திக் குழந்தைக்கு விரல் வலிக்கும். அப்படி இருந்தால் வேண்டாம். ஏகாண்டம் என்றால் முழு வீணையும் ஒரே பலா மரத்தில் குடைந்தது, குடமும் தண்டியும் சேருமிடத்தில் ஒட்டு தெரியக் கூடாது. ஒட்டு வீணை என்றாலும் மட்டமில்லை, ஆனால் ஏகாண்டம் என்று சொல்லி அதற்கான விலை கேட்டால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பழைய வீணைகள் சிலவற்றில் யானைத் தந்த வேலைப்பாடு இருக்கும். தந்தத்தை வாங்குவதும் விற்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பாட்டியிடம் மறக்காமல் கேட்டுவிடுங்கள்.

புது வீணையில் எனக்குள்ள பயம் மரம் காய்ந்ததா இல்லையா என்பதுதான். பச்சை மரத்தில் செய்திருந்தால் வாங்குகிற அன்று தெரியாது, பின்னால்தான் வெடிக்கும். பாட்டியின் வீணை வெடிப்பதாக இருந்தால் இதற்குள் வெடித்திருக்கும்.

மகளின் டீச்சரைக் கூட்டிக்கொண்டு போங்கள். முதல் தந்தியான சாரணியை மட்டும் புதிதாகக் கட்டி, ஒரே ஒரு முறை மீட்டிவிட்டு நாதம் அடங்கும்வரை பேசாமல் கேளுங்கள். கார்வை நீண்டு நின்றால் அன்றே வாங்கிவிடுங்கள், மேளம் கட்டுபவருக்கும் உடனே சொல்லிவையுங்கள். மார்கழி நெருங்கிவிட்டால் அவர் கிடைப்பது கஷ்டம்.