கத்தரிப் பூ கொட்டுகிறது, கருவண்டை அடிக்கலாமா?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் 30 சென்டில் கத்தரி போட்டிருக்கிறேன். பூ கொட்டுகிறது. தேன்பெட்டி வாங்கி வைக்கச் சொல்கிறார் மருந்துக்கடைக்காரர். கொட்டகையின் பழைய தேக்கு உத்தரத்தைத் துளைக்கும் கருவண்டுதான் கத்தரிப் பூவிலும் உட்காருகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: எதுவும் அடிக்காதீர்கள். அது வண்டு இல்லை, தச்சன் தேனீ. மரத்தைத் தின்னாது, குடைந்து, மகரந்த உருண்டை வைத்து, அதன்மேல் முட்டையிடும்.

கத்தரியின் மகரந்தப் பை நுனியில் சின்னத் துளையாகத்தான் திறக்கும். பூவைக் கவ்விக்கொண்டு, இறக்கையை அடிக்காமல் நெஞ்சுத் தசையை மட்டும் அதிரவைத்தால்தான் மகரந்தத் தூள் நன்றாகக் கொட்டும். பெட்டித் தேனீயால் அது முடியாது. கத்தரிக்கென்று பெட்டியைத் தலையில் கட்டுவது வியாபாரம், விவசாயம் இல்லை.

அதிரவைக்கத் தெரிந்தவை இரண்டு உங்கள் பக்கம் உண்டு. தச்சன் பெரியது, கனத்த ரீங்காரம், பூவே தொங்கிவிடும். நீலப்பட்டைத் தேனீ அரை அங்குலம்கூட இருக்காது; வயிற்றில் நீல வளையம், கீச்சென்ற சத்தம், ஒரு பூவில் சில நொடிதான். தச்சனுக்குக் காய்ந்த மரமும் மூங்கிலும் வீடு. நீலப்பட்டைக்கு மண்சுவரும் கிளறாத வரப்பும். வரப்பை முழுக்கச் செதுக்கினால் அதன் குஞ்சுகள் போச்சு. ஒரு பக்கமாவது விட்டுவையுங்கள்.

நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டியது, கொட்டுவது எந்தப் பூ என்று. விழுந்ததில் இருபதைப் பொறுக்கிப் பாருங்கள். சூல்முடி, அதாவது பூ நடுவில் மகரந்தத்தை வாங்கும் நுனி, மகரந்தப் பைகளின் மஞ்சள் கூம்புக்குள்ளேயே குட்டையாக நின்றால் அது காய்க்காத பூ, எப்படியும் உதிரும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பூவும் விழுகிறதென்றால், தெளிப்பானை எத்தனை மணிக்குத் தோளில் மாட்டுகிறீர்கள் என்று யோசியுங்கள். பூ விரிவதும் தேனீ வருவதும் காலையில். காய்ப்புழுவுக்கென்று கடையில் இரண்டு மூன்றைக் கலந்து கொடுப்பதைக் காலையில் அடித்தால் புழு காய்க்குள் பத்திரமாக இருக்கும், தேனீ சாகும். இமிடாகுளோபிரிட் வகைப் பூச்சிமருந்து செடிக்குள் ஏறி மகரந்தத்துக்கே வந்துவிடும். பூக்கும் பயிரில் அதைத் தொடவே கூடாது. அதே புழு துளைத்து வாடிய குருத்தை வாரம் ஒருமுறை கிள்ளி எரித்துவிடுங்கள். உங்கள் 30 சென்டுக்கு இரண்டு இனக்கவர்ச்சிப் பொறி (ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிப்பது) போதும், அதில் வைக்கும் வாசனைக் குப்பியைக் கத்தரிக் காய்ப்புழுவுக்கென்று கேட்டு வாங்குங்கள். தெளித்தே ஆகவேண்டுமென்றால் வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதம், மாலை ஐந்துக்கு மேல்.

உத்தரத்துக்கு வருவோம். காலியான துளையை மட்டும் மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து, மேலே பெயின்ட் அடியுங்கள். பூச்சில்லாத மரத்தைத்தான் தச்சன் தேடும். ஒரு முனை கணுவால் மூடிய ஓரடி மூங்கில் துண்டுகளை, மழை படாமல், படுக்கைவாட்டில் தோட்டத்தோரம் கட்டிவையுங்கள்.