காரணமா, விளைவா: உடல்நல வினாக்களில் தங்கள் மகள் தடுமாறும் இடம்

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் அனுப்பிய மூன்று மாதிரித் தேர்வுத் தாள்களையும் உடன் வைத்திருந்த கடிதத்தையும் படித்தேன். நுண்ணுயிரியலில் பட்டம் பெற்ற தங்கள் மகள், வங்கி அதிகாரி பணிக்கான முதன்மைத் தேர்வுக்கு ஓராண்டாகத் தயாராகியும், காரண-விளைவு வினாக்களில், அதிலும் தாம் படித்த துறையை ஒட்டிய உடல்நல வினாக்களிலேயே மீண்டும் மீண்டும் தவறுவதைக் கண்டு, "இவளுக்குத் தர்க்கமே வராதோ, பேசாமல் எம்.எஸ்ஸி. சேர்த்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாள்களைப் பார்த்தபின் எனக்குத் தோன்றியது நேர்மாறானது. அவருக்குத் தர்க்கம் வருகிறது. பாடம் அளவுக்கு மீறித் தெரிந்திருப்பதுதான் அவரை இடறிவிடுகிறது.

வினாவின் அமைப்பு தங்களுக்குப் புதிதாக இருக்கலாம். இரண்டு கூற்றுகள் தரப்பட்டிருக்கும். முதலாவது காரணமாகி இரண்டாவது விளைவாகலாம். அது தலைகீழாகவும் இருக்கலாம். இரண்டுமே தனித்தனிக் காரணங்களாகலாம். தனித்தனிக் காரணங்களின் விளைவுகளாகலாம். அல்லது ஒரே பொதுக் காரணத்தின் இரு விளைவுகளாகலாம். இந்த ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறான விடைக்குக் கால்பங்கு மதிப்பெண் கழிக்கப்படும் என்பதால் குத்துமதிப்பாகக் குறிப்பதும் பயன் தராது.

இரண்டாவது தாளில் வந்த ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம். 'நகரில் சென்ற வாரம் வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை வெகுவாக உயர்ந்தது' என்பது முதற்கூற்று. 'குடிநீர்க் குழாய்கள் அனைத்தையும் உடனே சோதிக்க மாநகராட்சி உத்தரவிட்டது' என்பது அடுத்தது. தங்கள் மகள் 'ஒரே பொதுக் காரணத்தின் விளைவுகள்' என்று குறித்து, ஓரத்தில் பென்சிலால் 'குடிநீரில் கழிவுநீர் கலப்பு' என்று எழுதியிருக்கிறார். அவர் எழுதியது மருத்துவப்படி ஏற்கத்தக்கதுதான். ஆனால் மாநகராட்சி உத்தரவிட்டது கழிவுநீர் கலந்ததை அறிந்ததால் அன்று, நோயாளிகள் பெருகியதால். கலப்பு உண்டா என்று பார்க்கத்தான் அந்த உத்தரவே. முதற்கூற்றிலிருந்து இரண்டாவதற்கு நேராக ஒரு வழி இருக்கும்போது, கூற்றுகளுக்கு வெளியே இருந்து மூன்றாவது ஒன்றை அழைத்து வரத் தேவையில்லை. பாடம் படிக்காத மாணவர் இந்த வினாவை அரை நிமிடத்தில் முடித்திருப்பார்.

மூன்றாம் தாளில் நடந்தது இன்னும் சுவையானது. ஒரு மாவட்டத்தில் மழைக்குப் பின் டெங்கு நோயாளிகள் அதிகரித்தார்கள்; அதே மாவட்டத்தில் அதே காலத்தில் சிக்குன்குனியா நோயாளிகளும் அதிகரித்தார்கள். தங்கள் மகள் 'தனித்தனிக் காரணங்களின் விளைவுகள்' என்று குறித்துவிட்டார். இரண்டும் வெவ்வேறு குடும்பத்து வைரஸ்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே காரணமும் வேறு என்று முடிவு கட்டினார். வினா கேட்பதோ நோய்க்கிருமியின் பெயரை அன்று, எண்ணிக்கை ஏன் உயர்ந்தது என்பதை. தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு பெருகியது இரண்டு உயர்வுக்கும் பொதுவானது. கொசு பரப்பும் நோய்கள் இவை என்பது செய்தித்தாள் படிக்கும் எவரும் அறிந்தது. அந்த அளவுப் பொது அறிவை வினா அனுமதிக்கிறது, எதிர்பார்க்கவும் செய்கிறது. அதைத் தாண்டிப் பாடநூலைத் திறக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இதற்கு நான் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் முறை ஒன்று உண்டு. வினாத்தாள் ஆங்கிலத்தில் இருந்தாலும், இரண்டு கூற்றுகளுக்கும் இடையே 'அதனால்' என்ற சொல்லை வைத்து மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டும். பிறகு கூற்றுகளை இடம் மாற்றி மறுபடியும் சொல்ல வேண்டும். 'நோயாளிகள் பெருகினார்கள், அதனால் உத்தரவு வந்தது' என்பதைக் காது ஏற்கிறது. 'டெங்கு கூடியது, அதனால் சிக்குன்குனியா கூடியது' என்பதை எந்தப் பக்கத்திலிருந்து சொன்னாலும் ஏற்பதில்லை. இரு பக்கமும் ஒட்டாவிட்டால், ஒவ்வொரு கூற்றையும் 'எதனால்?' என்று தனித்தனியே கேட்க வேண்டும். ஒரே பதில் வந்தால் பொதுக் காரணம், வெவ்வேறு பதில் வந்தால் தனிக் காரணங்கள். புகையிலை வரி உயர்வு, புதிய மருத்துவமனைத் திறப்பு போன்ற இரண்டு அறிவிப்புகள் அருகருகே நின்றால் அவை பெரும்பாலும் விளைவு சொல்லப்படாத தனிக் காரணங்களே. அங்கே நேரத்தைச் செலவிட வேண்டாம்.

ஒன்றை அடுத்து ஒன்று வந்தது என்பதற்காக முதலாவது காரணமாகிவிடாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நாம் சிறுவயதிலேயே கேட்டவர்கள். ஆனால் ஒன்றாகவே வரும் இரண்டைப் பிரித்தறிவது அதைவிடக் கடினம். சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றே காய்ச்சல் தருகிறது என்று நம்பியதால்தான் அந்நோய்க்கு, இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்று பொருள்படும் மலேரியா என்ற பெயரே வந்தது. நாற்றமும் கொசுவும் ஒரே தேங்கிய நீரின் விளைவுகள் என்பது, 1897-இல் செகந்திராபாத்தில் மருத்துவர் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டபின்தான் தெளிவாகத் தொடங்கியது.

தங்கள் மகளுக்கு நான் குறிப்பாகச் சொல்ல விரும்புவது வியன்னா பொது மருத்துவமனையின் நிகழ்வை. 1840-களில் அங்கே இரண்டு பேறுகாலப் பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர்கள் பயின்ற முதற்பிரிவில், பெரும்பாலும் பேறுகாலக் காய்ச்சலால் நேர்ந்த தாய்மார் இறப்பு சுமார் பத்து விழுக்காடு. மருத்துவச்சிகள் பயின்ற இரண்டாம் பிரிவில் சுமார் நான்கு. நெரிசலே காரணம் என்றார்கள். ஆனால் இரண்டாம் பிரிவில்தான் நெரிசல் அதிகம் என்பதால் அங்கே பணியாற்றிய மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ் அதை ஒதுக்கினார். பாதிரியார் மணியடித்துக்கொண்டு வார்டு வழியே போவதால் வரும் அச்சம் காரணமா என்று பார்க்க, அவரை வேறு வழியில் மணியின்றி வரச் செய்தார்; இறப்பு குறையவில்லை. 1847-இல் அவருடைய நண்பரான மருத்துவர் ஒருவர், பிணப் பரிசோதனையின்போது கத்திக் காயம் பட்டு, அந்தத் தாய்மாரைப் போன்றே நோயுற்று இறந்தார். பிணத்தைத் தொட்ட கையோடு பிரசவம் பார்த்தவர்கள் முதற்பிரிவினர் மட்டுமே என்பது அப்போது அவருக்கு உறைத்தது. குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவ வைத்தார்; இறப்பு சில மாதங்களிலேயே சரிந்தது. கிருமியால் நோய் வரும் என்பதே செம்மல்வைஸுக்குத் தெரியாது, ஐயா. இரண்டு பிரிவுகளுக்கும் இடையே எது வேறுபடுகிறது என்பதை மட்டுமே பிடித்துக்கொண்டு சென்றார். நுண்ணுயிரியல் படித்தவர், அந்தப் படிப்பு இல்லாத ஒருவர் எப்படிச் சரியாக யோசித்தார் என்று காண்பது நல்ல பயிற்சி.

வாதத்தை வலுவிழக்கச் செய்வது எது என்று கேட்கும் வினாக்களுக்கும் இதே பயிற்சி உதவும். 'காலை நடைப்பயிற்சி செய்யும் ஊழியர்கள் நோய்விடுப்பு குறைவாக எடுக்கிறார்கள். ஆகவே நடை நோயைத் தடுக்கிறது' என்று வந்தால், நடையின் நன்மைகளைப் பற்றித் தாம் அறிந்ததை எல்லாம் நினைவுகூராமல், ஏற்கெனவே உடல்நலம் குன்றியவர்கள் நடக்கவே வராமல் இருந்திருக்கலாமே என்று, காரணத்திலிருந்து விளைவுக்குப் போகும் அம்பைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

எம்.எஸ்ஸி. பற்றிய தங்கள் கேள்விக்கு வருகிறேன். அவருக்கு அந்தப் பாடத்தில் விருப்பம் இருந்தால் சேரட்டும். இந்த வினாக்களில் தவறுகிறார் என்பதற்காகச் சேர்க்க வேண்டாம். அதிகாரி பணிக்கு வயது வரம்பு 20 முதல் 30 வரை; அவருக்கு வயது 23. மேலும், காரண-விளைவு வினாக்கள் ஒரு தாளில் மிகச் சிலவே வரும். அவற்றுக்காகத் தனிப் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டுவது வீண்செலவு. அடுத்த இரு வாரங்கள், நாள்தோறும் செய்தித்தாளில் உடல்நலச் செய்தி ஒன்றை எடுத்து, அதிலுள்ள 'அதனால்' எங்கே இருக்கிறது என்பதை இரவு உணவின்போது அவர் தங்களுக்குச் சொல்லட்டும். தாங்கள் திருத்த வேண்டாம், கேட்டால் போதும். அடுத்த மாதிரித் தேர்வில் இத்தகைய ஒவ்வொரு வினாவின் அருகிலும், தாம் ஒதுக்கிய விடைகளை ஏன் ஒதுக்கினார் என்று ஒரே வரியில் எழுதச் சொல்லி, அந்தத் தாளை எனக்கு அனுப்பிவையுங்கள். மதிப்பெண்ணைக் குறித்து அனுப்ப வேண்டியதில்லை.